மண்வாசனை மனத்தை மயக்கியதா? வருணனைக் கட்டுரையும் புலன்களின் சான்றும்

இந்தியப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் 'மழைநாள்' என்ற தலைப்பில் எழுதப்படும் கட்டுரைகளில் பெரும்பாலானவற்றில் ஒரு வாக்கியம் தவறாமல் இடம்பெறுகிறது: மண்வாசனை மனத்தை மயக்கியது. மொழி மாறும்; இந்தியில் ஒருவிதமாகவும் ஆங்கிலத்தில் ஒருவிதமாகவும் தமிழில் ஒருவிதமாகவும் அது எழுதப்படும். உள்ளடக்கம் மாறுவதில்லை. எந்த மண், எத்தனை நாள் காய்ந்து கிடந்த மண், வாசனை எப்போது எழுந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்பன பற்றி அவ்வாக்கியம் எதுவும் கூறுவதில்லை. மழையை ஒரு முறையேனும் நின்று கவனித்தவரும் அதை எழுதலாம். ஒருபோதும் கவனிக்காதவரும் எழுதலாம். ஆயினும் விடைத்தாளில் அது 'நல்ல வருணனை' எனக் கொள்ளப்பட்டு மதிப்பெண் பெறுகிறது.

அதே வாசனையைப் பற்றி உண்மையில் அறியப்பட்டிருப்பவற்றை ஒருமுறை நோக்குவது பயனுடையது. உத்தரப்பிரதேசத்தின் கன்னோஜ் நகரில் அத்தர் வடிப்போர் இவ்வாசனையைப் புட்டியில் அடைக்கும் கலையைப் பல தலைமுறைகளாக அறிந்திருக்கின்றனர். சுட்ட களிமண் துண்டுகளைச் செப்புக் கலத்தில் நீருடன் இட்டு, மூடியைக் களிமண்ணால் பூசி அடைத்து, அடியில் தீ மூட்டுகின்றனர். எழும் ஆவி மூங்கில் குழாய் வழியாகச் சென்று, குளிர்ந்த நீரில் அமிழ்த்தப்பட்ட மற்றொரு கலத்திலுள்ள சந்தன எண்ணெயில் படிகிறது. இதுவே 'மிட்டி அத்தர்'. 1964இல் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்னும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் 'நேச்சர்' இதழில் இவ்வாசனையை ஆராய்ந்து அதற்குப் 'பெட்ரிகோர்' என்று பெயரிட்டபோது, உத்தரப்பிரதேசத்தின் இந்த அத்தரையும் குறிப்பிட்டனர். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்னும் சேர்மமும் இவ்வாசனையில் பங்கு வகிக்கிறது. 2015இல் வெளியான ஓர் ஆய்வு, துளி மண்ணில் விழும்போது அடியில் சிறைப்படும் காற்று குமிழிகளாக மேலெழுந்து வெடித்து நுண்திவலைகளைச் சிதறச் செய்வதை அதிவேகப் படப்பிடிப்பால் காட்டியது. மெல்லிய, மிதமான மழையில் இது மிகுதியாகவும் அடைமழையில் குறைவாகவும் நிகழ்கிறது.

இப்போது ஒரு மாணவி தன் கட்டுரையில் இவ்வாறு எழுதியிருப்பதாகக் கொள்வோம்: 'முதல் தூறலில் மண்வாசனை வந்தது; மழை வலுத்ததும் அது போய்விட்டது.' இவ்வாக்கியத்தில் அணி எதுவுமில்லை, உவமை இல்லை, மனம் மயங்கியதாகவும் குறிப்பில்லை. எனினும் ஆய்வகக் கருவி பின்னர் உறுதிசெய்த ஓர் உண்மையை அவளுடைய மூக்கு முன்னரே பதிவு செய்திருக்கிறது. மயக்கத்தைப் பற்றிய வாக்கியம் எழுதியவரின் மனநிலையை அறிவிக்கிறது, அதுவும் இரவல் மனநிலையை. இரண்டாம் வாக்கியம் உலகைப் பற்றிய சான்றை அளிக்கிறது. வருணனைக் கட்டுரையில் புலன்சார் விவரத்துக்கு உரிய இடம் இதுவே. அது கட்டுரைக்குப் பூசப்படும் வண்ணம் என்று கற்பிக்கப்படும்வரை அந்தக் கட்டுரை வடிவம் பயனற்றதாகவே நீடிக்கும். சான்று என்று கற்பிக்கப்படும்போது, அது ஆய்வுப் பயிற்சியின் முதல் படியாகும்.

புலன் விவரத்தைச் சான்றாகக் கையாளும் துறைகள் பல உள்ளன. வேளாண்மை மாணவர் ஈர மண்ணைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே தேய்த்து, நறநறவென்றிருந்தால் மணல் மிகுதி, மாவுபோல் வழுக்கினால் வண்டல், ஒட்டிக்கொண்டு நாடாவாக நீண்டால் களி என்று அறிகிறார். இதயத்துடிப்பைக் கேட்க 1816இல் குழல் ஒன்றை உருவாக்கிய பிரெஞ்சு மருத்துவர் லென்னெக், நுரையீரலில் கேட்ட ஒலிகளுக்குப் பெயரிட வேண்டியிருந்தபோது சமையலறையை நாடினார்: ஒருவகை ஒலியைச் சூடேறும் உப்பு படபடப்பதற்கு ஒப்பிட்டார். 1941இல் வெளியான சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் பற்றிய நூலோ பறவையின் அளவைச் சிட்டுக்குருவி, மைனா, காகம் முதலியவற்றோடு ஒப்பிட்டு, அதனினும் பெரிது, சிறிது என்று குறிக்கிறது. நூலைக் கையில் வைத்திருப்பவரிடம் அளவுகோல் இல்லை. ஆனால் மைனாவை அவர் பார்த்திருக்கிறார். இவர்கள் கையாளும் ஒப்புமை அழகுக்காக எழுந்ததன்று. தெரிந்ததைக் கொண்டு தெரியாததை அளக்கும் கருவி. உவமை என்றால் 'நிலவு போன்ற முகம்' என்று மட்டுமே பயின்ற மாணவருக்கு, உவமைக்கு இத்தகைய பணியும் உண்டு என்று எவரும் சொல்லித் தருவதில்லை.

வகுப்பறையில் நிகழ்வது இதற்கு நேர்மாறானது. 'இரயில் நிலையத்தில் ஒரு மணி நேரம்', 'மலைவாசத்தலத்துக்கு ஒரு பயணம்', 'கிராமத்துச் சந்தை' ஆகிய தலைப்புகளுக்கு வழிகாட்டி நூல்களில் ஆயத்த விடைகள் உண்டு. மலைவாசத்தலத்தைப் பார்த்திராத மாணவரும் பனிமூடிய சிகரங்களையும் சில்லென்ற தென்றலையும் மனப்பாடம் செய்கிறார். பார்வையற்றோர் கல்வி பற்றி 1933இல் நூல் எழுதிய தாமஸ் கட்ஸ்ஃபோர்த், தாமும் பார்வையற்றவர். தம் அனுபவத்தில் வேர் இல்லாத காட்சிச் சொற்களைப் பார்வையற்ற குழந்தைகள் மீது பள்ளிகள் திணிப்பதை அவர் கண்டித்தார். பொருள் உணராது சொல்லை மட்டும் ஆளும் இப்பழக்கத்தைச் 'சொன்மயம்' என்று கருதத்தக்க ஒரு கலைச்சொல்லால் சுட்டினார். அவருடைய குற்றச்சாட்டு பார்வையுள்ள இந்திய மாணவருக்கும் பொருந்தும். கண்ணிருந்தும் காணாததை எழுதப் பழக்கப்படுகிறார் அவர்.

பார்வையற்ற மாணவரின் நிலையோ இன்னும் கொடியது. இரயில் வருவதற்கு முன் தண்டவாளம் எழுப்பும் மெல்லொலி, நடைமேடை முழுதும் வந்து மோதும் காற்று, பிரேக் பிடிக்கையில் எழும் இரும்பின் காந்தல் வாடை, தேநீர் விற்பவரின் குரல் பெட்டிக்குப் பெட்டி தேய்ந்து போவது ஆகியவற்றை அவர் நன்கறிவார். மாதிரி விடை எதிர்பார்ப்பதோ வண்ண ஆடைகளையும் விரைந்தோடும் பெட்டிகளையும். அவர் தம் அனுபவத்தை எழுதினால் 'குறிப்புகள் விடுபட்டுள்ளன' என்று மதிப்பெண் குறையலாம். இரவல் காட்சியை எழுதினால் கூடலாம். ஹெலன் கெல்லர் 1908இல் வெளியிட்ட நூலொன்றில் மணத்துக்கென்றே ஒரு கட்டுரையை ஒதுக்கினார். ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும் இந்நாட்டின் தேர்வு முறை அந்தக் கட்டுரையை எதிர்கொண்டால் எந்தப் பகுதிக்கு மதிப்பெண் வழங்குவதென்று திகைத்து நிற்கும்.

புலன் விவரம் வறண்டு போவதற்கு மற்றொரு காரணம் மொழி. மணத்தைச் சொல்லால் குறிப்பது மனிதருக்கே அரிது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 2014இல் அஸிஃபா மஜீதும் நிக்லாஸ் புரென்ஹுல்ட்டும் வெளியிட்ட ஆய்வு இந்நம்பிக்கையை அசைத்தது. மலாய்த் தீபகற்பத்தின் ஜஹாய் மொழியினர் நிறங்களைக் குறிப்பிடும் அதே எளிமையோடு மணங்களையும் குறிப்பிட்டனர். ஆங்கிலம் பேசுவோர் மணங்களுக்குப் பெயரிடத் தடுமாறினர். குறை மூக்கில் இல்லை, பழகிய மொழியில் இருந்தது. இந்திய மொழிகள் இவ்வகையில் ஏழைகள் அல்ல. தமிழில் மீனுக்கும் முட்டைக்கும் கவிச்சி உண்டு. வறுபடும் மிளகாய்க்கு நெடி உண்டு. அழுகும் ஊனுக்கு முடை உண்டு. ஈரத்தில் கிடந்த துணிக்கு மக்கல் வாடை உண்டு. தொடுவுணர்வுக்குச் சொரசொர, வழவழ, பிசுபிசு என்னும் சொற்கள் உள்ளன. இந்தியில் ஒட்டும் பொருள் 'சிப்சிபா', மொறுமொறுப்பானது 'குர்குரா'. இத்தகைய இரட்டித்த ஒலிக்குறிப்புச் சொற்கள் திராவிட, இந்தோ-ஆரிய, முண்டா மொழிகளிடையே பரவிக் கிடக்கும் பொதுப் பண்பு என்பதை மரே எமனோ 1969இல் விரிவாகக் காட்டினார்.

உயர்கல்வியின் மொழி ஆங்கிலமாகும்போது இச்சொற்களே முதலில் கைவிடப்படுகின்றன. தாய்மொழியில் எழுதும்போதும் இவை 'பேச்சு வழக்கு' என்று சிவப்பு மையால் அடிக்கப்படுகின்றன. கவிச்சி என்று எழுதிய மாணவரிடம் 'விரும்பத்தகாத மணம்' என்று திருத்தச் சொல்லும்போது, ஆசிரியர் ஒரு தகவலை அழித்து அதன் இடத்தில் ஒரு தீர்ப்பை வைக்கிறார்.

இந்தத் தீர்ப்பில்தான் சிக்கலின் ஆழம் உள்ளது. தமிழில் 'நாற்றம்' என்ற சொல் முன்பு மணம் என்ற பொதுப்பொருளில், நறுமணத்துக்கும் வழங்கியது. இன்று அது கெட்ட வாடையை மட்டுமே குறிக்கிறது. மணத்தைப் பற்றிய பேச்சு எவ்வளவு எளிதாக இகழ்ச்சியாகச் சரியும் என்பதற்கு இச்சொல்லின் வரலாறே போதும். இந்தியச் சூழலில் அந்த இகழ்ச்சி பொருளோடு நிற்பதில்லை, மனிதர்மீது ஏறுகிறது. தீண்டாமை என்பது தொடுபுலனின் மீது கட்டப்பட்ட ஒழுங்கு என்பதைக் கோபால் குருவும் சுந்தர் சருக்கையும் தத்துவ நோக்கில் விவாதித்துள்ளனர். லக்னோ போன்ற இடங்களை முன்வைத்து 2017இல் ஜோயல் லீ எழுதிய கட்டுரை, சாதி எவ்வாறு மணத்தின் வழியாக இடங்களில் பொறிக்கப்படுகிறது என்பதை ஆராய்ந்தது. எனவே 'புலன்களைப் பயன்படுத்தி எழுதுக' என்ற அறிவுரை நடுநிலையானதன்று. எவருடைய புலன், எவரைப் பற்றி எழுதுகிறது என்ற வினா அதனுள் மறைந்திருக்கிறது.

கான்பூரில் கங்கைக் கரையிலுள்ள ஜாஜ்மாவ் பகுதியை எடுத்துக்கொள்ளலாம். தோல் பதனிடும் தொழிற்சாலைகள் நிறைந்த இடம் அது. அங்குச் செல்லும் மாணவர் 'தாங்க முடியாத துர்நாற்றம் வீசும் பகுதி' என்று எழுதக்கூடும். அவர் பொய் சொல்லவில்லை, மூக்கைப் பயன்படுத்தியுமிருக்கிறார். ஆனால் அவ்வாக்கியம் வந்து போகும் ஒருவரின் அருவருப்பை மட்டுமே தெரிவிக்கிறது. படிப்பவர் மனத்தில் அது இடத்தின் மீதும், இடத்திலிருந்து அங்கு வாழ்வோர் மீதும் படிகிறது. அதே மாணவர் மணத்தைப் பிரித்தறிய முயன்றால் வேறொன்று நிகழும். உப்பிட்டு அடுக்கிய பச்சைத் தோலின் வாடை ஒன்று. சுண்ணாம்புத் தொட்டியின் நெடி மற்றொன்று. அழுகிய முட்டையை ஒத்த வாடை இன்னொன்று. இந்த மூன்றாவதுதான் மிக முக்கியமானது: மயிர் நீக்கப் பயன்படும் சல்ஃபைடு, அமிலத்தோடு கலக்குமிடத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வெளிப்படுகிறது என்பதை அது அறிவிக்கிறது. அவ்வாயு செறிவு மிகும்போது மோப்பத்தையே மரத்துப்போகச் செய்யும். வாடை நின்றுவிட்டது என்று எண்ணும் கணமே தொழிலாளியின் உயிருக்கு ஆபத்தான கணம். கழிவுநீர்த் தொட்டிகளில் இறக்கப்படுவோரைக் கொல்லும் வாயுக்களில் இதுவும் ஒன்று.

'துர்நாற்றம்' என்ற சொல் மனிதரைச் சுட்டுகிறது. 'அழுகிய முட்டையின் வாடை' என்ற சொற்றொடர் வாயுவைச் சுட்டுகிறது. முன்னது வாசகரை விலகச் செய்யும். பின்னது, இதற்கு யார் பொறுப்பு என்று கேட்கச் செய்யும். துல்லியம் இங்கே நடை பற்றிய விருப்பமாக இல்லாமல் நீதியின் ஒரு பகுதியாகிறது.

ஆய்வேடுகளுக்கும் இது பொருந்தும். 1973இல் கிளிஃபர்ட் கீர்ட்ஸ், கில்பர்ட் ரைலிடமிருந்து எடுத்தாண்ட 'அடர் விவரிப்பு' என்ற கருத்து நாட்டின் சமூகவியல், மானுடவியல் துறைகளில் எழுதப்படும் முன்னுரைகளில் அடிக்கடி மேற்கோளாகிறது. அடுத்துவரும் இயல்களிலோ களம் என்பது மக்கள்தொகை அட்டவணையாகவும் நேர்காணல் துணுக்குகளாகவும் சுருங்கிவிடுகிறது. நைஜரில் சோங்காய் மக்களிடையே களப்பணி செய்த பால் ஸ்டோலர், 1989இல் வெளியிட்ட நூலில், வேண்டுமென்றே சுவை கெடச் சமைத்துப் பரிமாறப்பட்ட ஒரு குழம்பைக் கொண்டு, சமைத்த பெண் தன் குடும்பத்தில் அடைந்திருந்த மனக்கசப்பை வாசித்தார். நாவின் சான்றை ஆய்வின் சான்றாக அவர் ஏற்றதால் அது இயன்றது. அத்தகைய குழம்பு இந்திய ஆய்வாளர்களுக்கும் பரிமாறப்பட்டிருக்கக்கூடும். ஆனால் களக்குறிப்பேட்டில் அதற்கான கட்டம் இல்லை. பள்ளியில் அதை எழுதும் பயிற்சியும் அளிக்கப்படவில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. பல்லாயிரம் விடைத்தாள்களைக் குறுகிய காலத்தில் திருத்த வேண்டிய அமைப்பில் மாதிரி விடை என்பது ஒருவகை நியாயம் என்பர் சிலர். குறிப்பாக, முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவருக்கு மனப்பாடக் கட்டுரை ஒரு பாதுகாப்பு. சொந்தமாக எழுதச் சொன்னால் வீட்டில் ஆங்கிலமும் நூலகமும் உடையவரே முந்துவர் என்பது அவர்கள் வாதம். கவலை நேர்மையானது, முடிவு பிழையானது. ஆயத்த வருணனையின் தொடர்கள் வசதி படைத்தோர் வீட்டுப் புத்தக அலமாரியிலிருந்து வந்தவை. அப்போட்டியில் முதல் தலைமுறை மாணவர் என்றும் நகலெடுப்பவராகவே இருப்பார். செங்கல் சூளையில் வெந்த கல்லையும் வேகாத கல்லையும் தட்டி, ஒலியால் பிரித்தறிய அவருக்குத் தெரியும். நெல் காய்ந்துவிட்டதா என்பதைப் பல்லால் கடித்து அறிவார். இவ்வறிவுக்கு மதிப்பெண் உண்டு என்று அறிவிக்கப்படும் நாளில்தான், அவர் கையிலுள்ள செல்வம் வகுப்பறையில் செல்லுபடியாகும். மேலும், ஆயத்த வருணனையை இன்று இயந்திரமே நொடியில் எழுதித் தருகிறது. இயந்திரத்தால் தர இயலாதது, குறிப்பிட்ட ஒருவர் குறிப்பிட்ட இடத்தில் நின்று கவனித்த குறிப்பு மட்டுமே.

ஐம்புலன்களுக்கும் ஆளுக்கொரு வாக்கியம் என்று பங்கிட்டு எழுதச் சொல்லும் அறிவுரையும் தீர்வாகாது. ஒரு வாக்கியம் கண்ணுக்கு, ஒன்று செவிக்கு என்று நிரப்பப்படும் கட்டுரை, பழைய வார்ப்புக்கு மாற்றான புதிய வார்ப்பு, அவ்வளவே. சூளையைப் பற்றிய கட்டுரையில் செவி முதன்மை பெறலாம். நெற்களத்தில் பல்லும் விரலும் முதன்மை பெறலாம். எந்தப் புலன் அந்த இடத்தைப் பற்றி மிகுதியாக அறிவிக்கிறதோ அதைத் தேர்ந்தெடுப்பதே எழுதுபவரின் பணி. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவு வகையால் வரிசைப்படுத்தும்போது தொடுவுணர்வில் தொடங்கி, ஐம்புலன்களுக்கு அப்பால் ஆறாவதாக மனத்தை வைக்கிறது. புலன் திரட்டியவற்றுள் எது பொருட்படுத்தத்தக்கது என்று தெரிவு செய்யும் பொறுப்பு அந்த ஆறாவதற்கு உரியது.

மதிப்பீட்டு முறையில் பெரும் புரட்சி எதுவும் தேவையில்லை. நான்கு வினாக்கள் போதும். இக்கட்டுரையிலுள்ள இடத்தின் பெயரை நீக்கி வேறொரு பெயரை இட்டாலும் கட்டுரை பொருந்துமா? பொருந்துமெனில் அங்கு வருணனை நிகழவில்லை. மணம், ஒலி, வெம்மை ஆகியவற்றின் தோற்றுவாய் சுட்டப்பட்டுள்ளதா? நேரம் செல்லச் செல்ல அவை மாறியது பதிவாகியுள்ளதா? உணர்பவர் யார், அங்கு வந்து போகிறவரா, அங்கேயே வாழ்கிறவரா என்பது வாசகருக்குத் தெளிவாகிறதா? இவற்றைக் கேட்டுத் திருத்துவதற்கு மாதிரி விடையோடு ஒப்பிடுவதைவிட அதிக நேரம் ஆகாது. பல்கலைக்கழக ஆய்வுநெறிப் பாடங்களில் புள்ளியியலுக்கு ஒதுக்கப்படும் வாரங்களுள் ஒன்றை, ஓர் இடத்தில் ஒரு மணி நேரம் அமர்ந்து எழுதி, அதே இடத்தைப் பற்றி மற்றவர் எழுதியதோடு ஒப்பிட்டு வாதிடும் பயிற்சிக்கு அளிக்கலாம். ஒரே இடத்தில் அமர்ந்த இருவரின் குறிப்புகள் எங்கே வேறுபடுகின்றன, அவ்வேறுபாடு எதனால் எழுந்தது என்ற விவாதம் ஆய்வாளரின் சார்புநிலை பற்றிய எத்தனையோ விரிவுரைகளைவிடத் தெளிவாகக் கற்பிக்கும்.

முதல் தூறலில் வந்த வாசனை மழை வலுத்ததும் போய்விட்டது என்று எழுதும் மாணவிக்கு இன்றைய முறை ஒருவேளை பாதி மதிப்பெண்ணே வழங்கும். மயங்கியவருக்கு முழு மதிப்பெண் கிடைக்கும். எதைக் கவனித்தாய் என்று கேட்காமல் எப்படி வியந்தாய் என்று மட்டும் கேட்கும் கல்வி, வியப்பையும் இழக்கிறது, கவனத்தையும் இழக்கிறது. ஜாஜ்மாவின் தொட்டியருகே நிற்கும் தொழிலாளிக்கு வாசகரின் இரக்கமோ அருவருப்போ முதல் தேவையில்லை. அந்த வாடை எதிலிருந்து எழுகிறது என்று சரியாக எழுதத் தெரிந்த ஒருவரே அவருக்கு முதலில் தேவை.